வளரும் குடும்பத்துக்கு ஒரு சின்ன சொகுசு ஜீப்: யாழ்ப்பாணத்தில் இருந்து தேடி வாங்குவது எப்படி

எங்கள் ஒழுங்கை முடக்கில் ஒரு பழைய மதில் இருக்கிறது. அதன் மூலையில் நாலைந்து நிறத்தில் கீறல்கள். வெள்ளை, பக்கத்து வீட்டு வான். சிவப்பு, யாரோ ஒருவரின் லான்ட்மாஸ்டர். நடுவில் பளபளப்பான சாம்பல் நிறத்தில் ஒரு நீளக் கோடு இருக்கிறதே, அது நான் போட்டது. ஓட்டிப் பார்ப்பதற்காக ஒருவரிடம் வாங்கி வந்த சொகுசு ஜீப். வாங்காத வாகனத்துக்குப் பெயின்ற் அடித்துக் கொடுத்த ஆள் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன்.

எஸ்.யூ.வி. என்பது விளம்பரத்தில் போடும் பெயர். எங்கள் ஆட்களுக்கு உயரமாக இருந்தால் அது ஜீப். நான் பேசப்போவது அதில் சின்ன சொகுசு வகையைப் பற்றி: அவுடி கியூ2, கியூ3, பி.எம்.டபிள்யூ. எக்ஸ்1, மெர்சிடிஸ் ஜி.எல்.ஏ., ஜி.எல்.பி., லெக்சஸ் யூ.எக்ஸ்., எல்.பி.எக்ஸ்., வொல்வோ எக்ஸ்.சி.40. மூன்றாவது பிள்ளை வரப்போகிறது என்று தெரிந்த வாரத்தில் தேடத் தொடங்கினேன். வீட்டில் அம்மாவும் இருக்கிறார், முழங்கால் வருத்தத்தோடு. ஏழு மாதம் அலைந்தேன். முதலில் பெயரைப் பார்த்தேன், பிறகு நிறம், பிறகு விலை. பின்சீற்றும் கராஜும் ஒழுங்கையும் கடைசியாகத்தான் ஞாபகம் வந்தன. கீழே சொல்லும் படிகள் அதை அப்படியே திருப்பிப் போட்டவை.

1. படலையை அளவுங்கள்

அளவுநாடாவை எடுத்துக்கொண்டு ஒழுங்கைத் தொடக்கத்தில் இருந்து வாருங்கள். ஒடுங்கிய இடம், முடக்கு, படலை, நிறுத்தும் கொட்டகை, இந்த நான்கு இடங்களிலும் அகலத்தை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு வாகனத்தின் அளவைப் பாருங்கள். அவுடி கியூ2இன் அகலம் 1,794 மில்லிமீற்றர். ஜி.எல்.ஏ.யும் முதல் தலைமுறை ஜி.எல்.பி.யும் 1,834. இப்போதைய எக்ஸ்1 1,845. எக்ஸ்.சி.40 அதற்கும் கொஞ்சம் கூட. இவை எல்லாம் பக்கக் கண்ணாடி இல்லாத அளவு. கண்ணாடிகளை விரித்தால் எக்ஸ்1 ஏழடியைத் தொடும். எட்டடி ஒழுங்கையில் எதிரே ஒரு சைக்கிள் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

நீளத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. கியூ2, எல்.பி.எக்ஸ். இரண்டும் 4.19 மீற்றர் அளவு. ஜி.எல்.ஏ. 4.41, எக்ஸ்1 4.5, ஜி.எல்.பி. 4.63. முடக்கில் திரும்ப வேண்டுமென்றால் நீளத்தோடு திரும்பும் வட்டத்தையும் கேளுங்கள். யூ.எக்ஸ். 4.5 மீற்றர் நீளம் என்றாலும் 5.2 மீற்றர் ஆரையில் திரும்பிவிடும். நான் மதிலில் உரசியது இது தெரியாத காலத்தில்.

இந்தப் படியிலேயே பட்டியலில் பாதி விழுந்துவிடலாம். விழட்டும்.

2. முழுக் குடும்பத்தையும் பின்சீற்றில் ஏற்றிப் பாருங்கள்

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். வாகனம் பார்க்கப் போகும்போது நம்மவர்கள் ஒரு மெக்கானிக்கையும் ஒரு மச்சானையும் கூட்டிக்கொண்டு போவார்கள். நீங்கள் அம்மாவையும் பிள்ளைகளையும் பிள்ளைச் சீற்றையும் கொண்டு போங்கள்.

முதலில் அம்மா. கதவைத் திறந்து, யாரும் கைகொடுக்காமல் ஏறி இருந்து, பிறகு இறங்கட்டும். தாழ்ந்த காரில் விழுந்து இருக்க வேண்டும், பெரிய ஜீப்பில் தொங்கி ஏற வேண்டும். சின்ன ஜீப்புகளின் சீற் உயரம் முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்கு இடைநடுவாக வசதிப்படுவதுதான் இந்த வகையின் உண்மையான சொகுசு. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. கூரை பின்பக்கம் சரிந்து வரும் வாகனங்களில் தலையைக் குனிந்து ஏற வேண்டும். என் அம்மா ஒன்றில் தலையை இடித்துக்கொண்டு, "இது ஆருக்குச் செய்தது?" என்று கேட்டார். அந்த வாகனம் அன்றோடு சரி.

அடுத்தது பிள்ளைச் சீற். இந்த வாகனங்களில் பின்பக்கம் இரண்டு ஓரச் சீற்றுகளிலும் ஐசோபிக்ஸ் கொளுக்கிகள் இருக்கும். சாய்மனைக்கும் இருக்கைக்கும் இடையில் விரலை விட்டால் இரும்பு வளையம் தட்டுப்படும். ஐரோப்பாவின் புதிய விதிப்படி 15 மாதம் ஆகும்வரை குழந்தையைப் பின்னோக்கித்தான் இருத்த வேண்டும். பின்னோக்கிய சீற் நீளமானது. அதைப் பூட்டியபின் முன்சீற்றில் இருப்பவரின் முழங்கால் டாஷ்போர்ட்டில் முட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டு பிள்ளைச் சீற்றுக்கு நடுவில் அம்மா இருக்கலாம் என்று கனவு காணாதீர்கள். நடுச்சீற்றின் கீழே பெரும்பாலும் ஒரு மேடு வரும், அகலமும் போதாது. இரண்டு பிள்ளைச் சீற்றும் ஒரு பெரியவரும் எப்போதும் பின்னால் போக வேண்டும் என்றால் இந்த வகையில் ஏழு சீற்றோடு வரும் ஜி.எல்.பி.யைப் பாருங்கள். அதிலும் மூன்றாவது வரிசை 168 சென்ரிமீற்றர் உயரம் வரையானவர்களுக்கு என்று தயாரித்தவர்களே சொல்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சரி, பெரியப்பாவுக்குச் சரிவராது. அந்த வரிசையை நிமிர்த்தினால் டிக்கியும் போய்விடும்.

ஏசியைப் பின்சீற்றில் இருந்து சோதியுங்கள். மத்தியானம் ஒரு மணிக்கு, வெயிலில் நின்ற வாகனத்தில். பின்பக்கம் காற்று வரும் துவாரம் சில மொடல்களில் இல்லை, சிலவற்றில் மலிவான வகையில் மட்டும் இல்லை. கண்ணாடிக் கூரை பார்க்க அழகு. சித்திரை வைகாசியில் அதன் கீழே இருப்பது வேறு கதை. திரைச்சீலை துணியா தடித்த பலகையா என்று இழுத்துப் பாருங்கள்.

டிக்கிக்கு லீற்றர் கணக்குச் சொல்வார்கள். கியூ2 405, ஜி.எல்.ஏ. 435, இரண்டாம் தலைமுறை கியூ3 530, யூ.எக்ஸ். சுமார் 320. எண்ணை விட வாசல் முக்கியம். தள்ளுவண்டியை மடித்து வையுங்கள். அதன் மேல் ஒரு கறுத்தக் கொழும்பான் மாம்பழப் பெட்டி, ஒரு முருங்கைக்காய்க் கட்டு, பயணப் பை இரண்டு. கொழும்புக்குப் போகும் யாழ்ப்பாணக் குடும்பம் வேறு எப்படிப் போகும்? யூ.எக்ஸ்.இல் எனக்கு எல்லாம் பிடித்திருந்தது. மாம்பழப் பெட்டி வைத்ததும் தள்ளுவண்டி வெளியே நின்றது.

பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் என்றால் இன்னொரு விசயம். லெக்சஸ், டொயோட்டா ஹைபிரிட்களில் பெரிய பற்றறியைக் குளிராக்கும் காற்று, பின்சீற் பக்கத்தில் உள்ள ஒரு சின்னத் துவாரத்தால் போகிறது. அதில் பிஸ்கட் தூளும் போர்வையும் அடைத்தால் பற்றறி சூடாகி ஆயுள் குறையும். பிள்ளைகள் உள்ள வீட்டில் ஓடிய பழைய வாகனம் வாங்கினால் அந்த வலையைக் கழற்றிப் பாருங்கள். நான் பார்த்த ஒன்றில் முழு நிலக்கடலைக் கோதும் இருந்தது.

3. முதலில் கராஜ், பிறகு வாகனம்

இது ஏழாம் மாதத்தில் எனக்கு வந்த ஞானம். சொகுசு வாகனங்களின் ஏஜன்ட்மாருடைய பெரிய சேர்விஸ் நிலையங்கள் கொழும்புப் பக்கம். இங்கே டாஷ்போர்ட்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால் 400 கிலோமீற்றர் போக முடியுமா? ஆகவே யாழ்ப்பாணத்தில் அந்த இன வாகனத்தைத் தொடக்கூடிய ஒருவரைக் கண்டுபிடித்த பிறகுதான் அந்தப் பெயரைப் பட்டியலில் வையுங்கள்.

கராஜுக்குப் போய் வாயால் கேட்காதீர்கள், வாசலைப் பாருங்கள். நீங்கள் நினைக்கும் இன வாகனம் ஒன்றாவது அங்கே திறந்தபடி நிற்க வேண்டும். அந்த நிறுவனத்துக்குரிய ஸ்கேனர் இருக்கிறதா, அதைக் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று கேளுங்கள். எல்லா வாகனத்துக்கும் பொதுவான சின்னக் கருவி பிழை எண்ணை மட்டும் காட்டும், புதுப் பற்றறி போட்டதை எஞ்சின் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க அதனால் பெரும்பாலும் முடியாது. எனக்குத் தெரிந்த ஒருவர் பற்றறி மாற்றப் போய் மூன்று கிழமை வாகனத்தை அங்கேயே விட்டிருந்தார்.

அதே நாளில் கொழும்பில் இரண்டு உதிரிப்பாகக் கடைகளுக்கு அழைத்து நான்கு சாமான்களின் விலையைக் கேளுங்கள்: முன் பிரேக் பேட், முன் ஷொக் அப்சோபர், முழு முன்விளக்கு, இரண்டாவது திறப்பு. புதியதும் பாவித்ததும். முன்விளக்கின் விலையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்து தண்ணீர் குடியுங்கள். எல்.ஈ.டி. விளக்குகளில் பல்பு மட்டும் மாற்றும் வழக்கம் பெரும்பாலும் இல்லை, முழுக் கூட்டையும் மாற்ற வேண்டும். சாமான் இரவு பஸ்ஸில் ஏற்றினால் விடிய இங்கே வந்துவிடும், அது பிரச்சினை இல்லை. கடையில் இருக்க வேண்டுமே. சந்தையில் நிறைய ஓடும் மொடலுக்கு இருக்கும், அபூர்வமானதற்கு வெளிநாட்டில் இருந்து வரவேண்டும். தெருவில் தனித்துத் தெரியும் வாகனம் கராஜிலும் தனித்துத்தான் நிற்கும்.

4. எஞ்சினும் கியர்பொக்ஸும்

இலங்கையில் இந்த வாகனங்கள் சின்ன எஞ்சினோடு ஓடுவதற்குக் காரணம் வரி. இறக்குமதி வரியில் பெரும்பகுதி எஞ்சினின் கொள்ளளவோடு ஏறுகிறது. அதனால்தான் 999 சி.சி. கியூ2, 1,332 சி.சி. ஜி.எல்.ஏ., 1,499 சி.சி. எக்ஸ்1. மூன்றும் டர்போ. தட்டையான நிலத்தில் இவற்றின் வலு தாராளமாகப் போதும். ஐந்து பேர், ஏசி, நிறைந்த டிக்கியோடு ஏ9இல் லொறியை முந்தும்போதுதான் 999 சி.சி. கொஞ்சம் யோசிக்கும்.

பெற்றோல் மூடியின் உட்புறத்தில் எழுதியிருப்பதை வாசியுங்கள். ஐரோப்பிய டர்போ எஞ்சின்கள் பொதுவாக ஒக்டேன் 95 கேட்கும். உங்கள் வீட்டுக்குக் கிட்டிய பெற்றோல் ஷெட்டில் 95 வருகிறதா, வந்தால் எப்போதும் இருக்கிறதா என்று இரண்டு மூன்று தரம் கேட்டுப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் கியூ.ஆர். அட்டையோடு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று நின்ற நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். எனக்கு ஹைபிரிட் மேல் மரியாதை வந்தது அந்த வரிசையில்தான்.

கியர்பொக்ஸ் பற்றி ஒன்று. கியூ2இன் சின்ன எஞ்சினில் வருவது எண்ணெயில் ஊறாத இரட்டைக் கிளச் வகை. வேகமான வீதியில் அருமையாக இருக்கும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் கூட்டத்துக்குள் அங்குலம் அங்குலமாக ஊர்வது அதற்குப் பிடிக்காது, கிளச் சூடாகும். பழையது வாங்கினால் முதலாம் இரண்டாம் கியரில் மெதுவாக உருட்டி, உதறல் இருக்கிறதா பாருங்கள். லெக்சஸ் ஹைபிரிட்டில் அப்படியான கிளச்சே இல்லை. ஊருக்குள் மட்டும் ஓடுபவர்கள் டீசலை விட்டுவிடலாம். நான்கு கிலோமீற்றர் பள்ளிக்கூட ஓட்டத்தில் புகை வடிகட்டி சூடாகிச் சுத்தமாவதில்லை, அடைத்துக்கொள்ளும்.

மின்சார வாகனம்? குடாநாட்டுக்குள் அதைவிடப் பொருத்தமானது இல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து பருத்தித்துறை 35 கிலோமீற்றருக்குள், காங்கேசன்துறை 20க்குள். வீட்டு இணைப்பு வழக்கமான 30 அம்பியர் என்றால் 7 கிலோவாற் சார்ஜர் ஒன்றே அதை முழுதாக விழுங்கிவிடும். இரவில் 3 கிலோவாற்றில் பத்து மணித்தியாலம் போட்டால் 30 அலகு ஏறும், ஊருக்குள் பல நாளுக்குப் போதும். மாதம் இரண்டு தரம் கொழும்பு போகும் குடும்பம் என்றால் வழியில் எங்கே சார்ஜ் செய்வது என்று முடிவெடுத்த பிறகு காசைக் கொடுங்கள்.

5. ஏ9 வீதியும் கடல்பாலங்களும்

என் மைத்துனர் ஒருமுறை மாங்குளம் தாண்டி இரவு பதினொரு மணிக்கு ரயர் கிழிந்து நின்றார். டிக்கியைத் திறந்தால் மேலதிகச் சில்லு இல்லை, ஒரு சின்ன மோட்டரும் பசைப் போத்தலும் இருந்தன. பசை ஆணி ஓட்டைக்கு உதவும், பக்கம் கிழிந்த ரயருக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு பிள்ளைகளோடு விடியும்வரை இருந்தார்கள். இந்த வகை வாகனங்கள் பலவற்றில் மேலதிகச் சில்லு கிடையாது. சிலவற்றில் காற்றுப் போனாலும் ஓடக்கூடிய ரன்பிளாட் ரயர் போட்டிருக்கும். வழக்கமாக 80 கிலோமீற்றர் தூரம், மணிக்கு 80 வேகம், அவ்வளவுதான். மாங்குளத்தில் இருந்து வவுனியா வரை வந்துவிடலாம். ஆனால் அந்த ரயர் விலை கூட, விறைப்பும் கூட. வாங்கும் முன் டிக்கித் தளத்தைத் தூக்கிப் பாருங்கள், சின்னச் சில்லாவது வைக்க இடம் உள்ளதா என்று.

ரிம் 17 அல்லது 18 அங்குலம் போதும். 19, 20 படத்தில் அழகு. ரயரின் பக்கச் சுவர் மெல்லியதாகி, மழைக்காலப் பள்ளம் ஒன்றில் ரிம்மே வளையும். ரயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்தது. ஓடாமல் நின்ற வாகனத்தில் பூ அப்படியே இருக்கும், ரப்பர் கிழடாகியிருக்கும்.

நிலத்தில் இருந்து உயரம் எக்ஸ்.சி.40க்கு 211 மில்லிமீற்றர், யூ.எக்ஸ்.க்கு 160. கார்த்திகை மழையில் ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர் நிற்கும் வீடு என்றால் இந்த ஐந்து சென்ரிமீற்றர் பெரிய விசயம். புங்குடுதீவு, காரைநகர்ப் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் பழைய வாகனத்தின் அடிப்பக்கத்தைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. கடல்பாலத்தில் தெறிக்கும் உப்புத்தண்ணீர் மேலே ஒன்றும் செய்யாது, கீழே பிரேக் குழாயையும் போல்ட்டையும் தின்னும். சொந்தமாக வாங்கிய பின்னும் வந்தவுடன் அடியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். எங்கள் கிணற்றுத்தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், கழுவினால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கறுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள் நிரந்தரமாகிவிடும். கறுப்பு வாங்க வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே போதும்.

6. பழையதா, புதியதா, பத்திரங்கள்

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஆகவே சந்தையில் பெரும்பாலும் இரண்டு கூட்டம்: தடைக்கு முன் வந்தவை, தடை நீங்கியபின் வந்தவை. முன்னையவை வயதானவை, ஆனால் தடைக்காலத்து விலையை உடையவர்கள் இன்னும் மறக்கவில்லை. பின்னையவற்றில் வாகனத்தின் விலையைவிட வரிதான் கண்ணைக் கட்டும். பழையதை எடுப்பவர்கள் முதல் வருடத் திருத்த வேலைக்கென்று விலையில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இது என் கணக்கு. நான் வைத்ததில் முக்கால்வாசி செலவாகிவிட்டது.

ஜப்பானில் இருந்து வந்தது என்றால் ஏலத்தாள் கேளுங்கள். தரம், ஓடிய தூரம், உடலில் எங்கே அடி என்று எல்லாம் அதில் உண்டு. காட்டும் தாளை நம்பாமல் சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து வெளியே சரிபார்க்கும் சேவைகள் இருக்கின்றன, அந்தக் காசுக்குப் பார்க்கக் கூடாது. இங்கிலாந்தில் இருந்து வந்தது என்றால் லண்டனில் இருக்கும் உறவுக்காரர் யாராவது உதவுவார், யாழ்ப்பாணத்தில் அப்படி ஒருவர் இல்லாத வீடு குறைவு. சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து அங்குள்ள சேர்விஸ் வரலாற்றைக் கேட்கச் சொல்லுங்கள். அங்கே வாகனம் ஓடத் தகுதியா என்று பார்க்கும் முதல் எம்.ஓ.டி. பரிசோதனை மூன்றாவது வருடத்தில்தான் என்பதால், அதற்கு முன் கப்பல் ஏறியதற்கு அந்தப் பதிவு கிடைக்காது.

கொழும்பு வாகனம் என்றால் வெள்ளம் குடித்ததா என்று பாருங்கள். 2016 மே மாதம் களனி ஆற்றங்கரையில் மூழ்கிய வாகனங்கள் எல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. சீற்பெல்ற்றைக் கடைசிவரை இழுங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வாருங்கள்.

பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் முடிந்து அந்த நிறுவனம் உரிமையை விட்டதற்கான கடிதம் கைக்கு வரும்வரை முழுக்காசு கொடுக்காதீர்கள். புரோக்கர், "ஓபன் பேப்பர்தான் அண்ணை, பிறகு மாத்தலாம்" என்பார், அதாவது உங்கள் பெயருக்கு மாற்றாமலே கைமாற்றுவது. பிறகு என்று ஒன்று இல்லை. விற்பவர் வெளிநாடு போய்விட்டால் கையெழுத்துக்கு யாரைத் தேடுவீர்கள்?

7. எது யாருக்கு

ஒரு பிள்ளை, ஒடுங்கிய ஒழுங்கை, ஊருக்குள் ஓட்டம் என்றால் எல்.பி.எக்ஸ்., அல்லது நன்றாகப் பராமரித்த கியூ2. பிள்ளைச் சீற் வயதைத் தாண்டிய இரண்டு பிள்ளைகளும் ஒரு பெரியவரும், மாதம் ஒரு கொழும்புப் பயணம் என்றால் கியூ3, எக்ஸ்1. தண்ணீர் நிற்கும் ஒழுங்கை என்றால் எக்ஸ்.சி.40, கராஜ் கிடைத்தால். கராஜ் பற்றி நினைத்தாலே நெஞ்சு இடிக்கும் என்றால், மாம்பழப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யூ.எக்ஸ். மூன்று பிள்ளைகள் என்றால் ஜி.எல்.பி. தவிர இந்த வகையில் மனதாரச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அதுவும் படலைக்குள் போகாது என்றால் சொகுசுப் பெயரை மறந்துவிட்டு ஒரு நல்ல வான் எடுங்கள், பிள்ளைகளுக்குச் சந்தோசம்.

நான் ஜி.எல்.பி.தான் எடுத்தேன். அதற்காகப் படலைத் தூண் ஒன்றை ஓரடி தள்ளிக் கட்டினோம். அந்தச் செலவை அம்மா இன்னும் வாகன விலையோடு சேர்த்துத்தான் ஊருக்குச் சொல்கிறார்.

8. கொண்டுவரும் நாள்

கொழும்பில் எடுத்தால் நீங்களே பகலில் ஓட்டி வாருங்கள். இரவில் வன்னிக்குள் மாடுகள் வீதியில் படுத்திருக்கும், புது வாகனத்தின் முன்விளக்கு விலை உங்களுக்கு இப்போது தெரியும். முறிகண்டியில் எப்படியும் நிற்பீர்கள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிய பிறகு உடனே ஏறிவிடாதீர்கள். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடி எல்லாம் நன்றாகச் சூடாகியிருக்கும் நேரம் அது. எஞ்சினை நிறுத்தாமல் ஐந்து நிமிடம் விட்டு, குனிந்து அடியைப் பாருங்கள். ஏசித் தண்ணீர் சொட்டினால் பரவாயில்லை. விரலில் தொட்டு வழுவழுப்பாக இருந்தால் ஒரு படம் எடுத்து, நேரத்தைக் குறித்து, விற்றவருக்கு அங்கிருந்தே அழையுங்கள்.